ஐஸ் கச்சாங் ஊரில் பனிக்கட்டிப் படிப்பு

காப்பாரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

எஸ்.பி.எம். என்னும் மலேசியப் பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகும் மகள் மின்கம்பியில் உறையும் பனிக்கட்டியைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறாள், சீவிய ஐஸில் செய்யும் இனிப்பான ஐஸ் கச்சாங்கை விட்டால் நம் ஊரில் ஐஸ் ஏது என்று கேட்டிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன். ஆனால் பிள்ளை பிடித்திருப்பது நல்ல விஷயம்.

செம்பனைத் தோட்டத்துக்கு மேலே போகும் உயரழுத்தக் கம்பிகளைப் பாருங்கள். கோபுரத்தில் கம்பியைத் தாங்கித் தொங்கும் தட்டுச் சரம்தான் இன்சுலேட்டர். மின்சாரம் கோபுரத்துக்குத் தாவாமல் அதுதான் காக்கிறது. கனடாவிலும் சீன மலைப்பகுதிகளிலும் அதன்மேல் பனிக்கட்டி படியும். சுத்தமான பனிக்கட்டி மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆலைப்புகை, தூசு, சாலையில் தூவும் உப்பு எல்லாம் அதில் சேரும்போதுதான் வம்பு. தண்ணீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளும். அதில் ஒரு பங்கு மேற்பரப்பில் தங்கிவிடும். வெயில் பட்டு லேசாக உருகினால் மேலே உப்புத்தண்ணீர்ப் படலம். தட்டுக்குத் தட்டு தொங்கும் பனி ஊசிகள் ஏற்கனவே இடைவெளியை அடைத்திருக்கும். அப்புறம் பொறி தாவி, லைன் அறுந்தமாதிரி நின்றுவிடும். கடுங்குளிரைவிட உருகும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம் என்று படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

இதில் பனிக்கட்டியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழுக்கும் ஈரமும். அவை இரண்டும் நம்மிடம் உண்டு: கடற்காற்றின் உப்பு, புகைமூட்டக் காலத்துத் தூசு, விடியற்காலை ஈரம். நம் அடைமழை அவ்வப்போது கழுவிவிடுகிறது, அது ஒரு புண்ணியம்.

சரி, படிப்புக்கு வருவோம். இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விடக்கூடாது. பட்டப்படிப்பில் பனிக்கட்டியைத் தேட வேண்டாம், மின்பொறியியல்தான் அடிப்படை. எந்தப் பல்கலைக்கழகமானாலும், படிப்புக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஒப்புதல் உண்டா என்று பாருங்கள். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயரழுத்த ஆய்வுக்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. பனிக்கட்டி ஆசை அப்போதும் தீரவில்லையென்றால், முதுகலைக்குக் கனடாவில், கியூபெக்கின் ஷிகூட்டிமி பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். மதிப்பெண் குறைந்தால் போலிடெக்னிக் டிப்ளோமாவும் நல்ல வழிதான்.

"பெண்பிள்ளை கோபுரம் ஏறணுமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். ஆய்வு வேலை பெரும்பாலும் கூடத்துக்குள் நடக்கும். ஆனாலும் இந்தத் துறையில் லைன் பக்கம் போகவேண்டிய வேலையும் வரலாம். அதை மறைக்க மாட்டேன். அடுத்த முறை பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கடைசியாக எழுதிய கூடுதல் கணிதத் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.