கேள்வி பதில்: எதிர்காற்றும் மஞ்சள் ஜெர்சியும்

இந்த முறை சைக்கிள் கேள்விகள் மட்டும். கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிற கோஷ்டி எங்களுடையது. டீக்கடையில் உட்கார்ந்தால் பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கிற சைக்கிள் பந்தயமான டூர் தி பிரான்ஸ் பேச்சுதான். ஒரு நண்பர் விடாமல் கேட்கிறார்: ஜெயிக்கப்போவது ஸ்லோவேனியாவின் பொகாச்சர் ஒருத்தர், அப்புறம் எதற்குக் கூடவே ஏழு பேர்? அவருக்கு என்ன சொல்வது சார்?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது என்ன நடக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். எதிர்காற்று உள்ள நாளில் அதுவரை மரமும் வீடும் மறைத்துக்கொண்டிருந்த காற்று அங்கே நேரே முகத்தில் அடிக்கும், முன்னால் போகிறவர் தலையைக் குனிந்துகொண்டு மூச்சு வாங்குவார், அவருடைய பின்சக்கரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வருகிறவரோ சாவகாசமாகப் பேசிக்கொண்டு வருவார். உங்கள் நண்பருக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால் மிதிக்கிற மிதியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே போய்விடும். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம், நூறு பேருக்கு மேல் திரண்டு போகிற பெலோட்டானின் நடுவே மிச்சம் இன்னும் அதிகம்.

டூரில் 21 ஸ்டேஜ், அதாவது நாளுக்கு ஒன்றாக 21 ஓட்டம், இரண்டு நாள் ஓய்வு, மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர். தலைவரை நாலு மணி நேரம் காற்றில் காட்டாமல் கடைசி மலையின் அடிவாரம் வரை கொண்டுவந்து விடுவதுதான் அந்த ஏழு பேரின் வேலை. தண்ணீர் தீர்ந்தால் அவர்களில் ஒருவர் பின்தங்கி அணியின் காருக்குப் போய், ஜெர்சிக்குள் முன்னும் பின்னும் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, அந்தக் கனத்தோடு மறுபடி முன்னால் ஏறிவந்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். அவசர நேரத்தில் தலைவருக்குப் பஞ்சர் ஆனால் தன் சைக்கிளையே கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பார். பெயர்ப் பட்டியலில் நூறாவது இடத்தில் வருகிற அந்த ஆளைத்தான் நான் டிவியில் தேடிப் பார்ப்பேன். முதல் பரிசான 5 லட்சம் யூரோவை ஜெயித்தவர் அணிக்குள் பங்கிட்டுக் கொடுப்பது ரொம்பக் காலமாக இருக்கிற வழக்கம், அது நியாயமும் கூட.

உங்கள் கோஷ்டியிலும் இதையே செய்யலாம். பலசாலி ஒருவரே நாற்பது கிலோமீட்டரும் முன்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டாம், ஆளுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் நின்றுவிட்டு ஒதுங்கிப் பின்னால் வரட்டும். முடியாதவர் அரை நிமிஷம் நின்றாலே போதும். எல்லோரும் ஒன்றாகத் திரும்பி வருகிற ரைடுதான் நல்ல ரைடு என்பது என் கட்சி.

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓட்டுகிறவன் நான். ஆடிக் காற்று பக்கத்திலிருந்து அடிக்கும்போது முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைப் பிடித்துப் போனாலும் பிரயோஜனமே இல்லை. டிவியில் அவர்கள் சாலை முழுக்க விசிறி மாதிரி பரந்து போகிறார்களே, அது என்ன கணக்கு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டுகிற உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். காற்று இடப்பக்கத்திலிருந்து வந்தால் மறைவு முன்னால் போகிறவரின் நேர் பின்னால் இல்லை, அவருக்கு வலப்பக்கம் சற்றுப் பின்னால் இருக்கிறது. அதனால் ஒவ்வொருவரும் முன்னவருக்கு வலது பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி ஒரு சாய்ந்த வரிசை உண்டாகும். எஷலான் என்று பெயர். ஆனால் சாலைக்கு அகலம் இவ்வளவுதான் என்று ஒன்று இருக்கிறதே, பத்துப் பன்னிரண்டு பேர் நின்றதும் வலது ஓரம் முடிந்துவிடும். பதின்மூன்றாவது ஆளுக்கு மறைவு கிடையாது. அவரும் அவருக்குப் பின்னால் உள்ளவர்களும் தார் விளிம்பில் ஒற்றை வரிசையாகத் தொங்கிக்கொண்டு வருவார்கள், நடுவில் ஒருவர் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டால் போதும், அதோடு சரி, பெலோட்டான் இரண்டாக அறுந்துவிடும்.

2020 டூரில் லாவூருக்குப் போன ஏழாவது ஸ்டேஜில் இப்படித்தான் அறுந்தது. பொகாச்சர் பின்பாதியில் மாட்டிக்கொண்டு 1 நிமிஷம் 21 விநாடியை இழந்தார். அப்போது அவருக்கு 21 வயது, அது முதல் டூர். அதன் பிறகு மலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு, கடைசிக்கு முந்தைய நாள் பிளான்ஷ் தெ பெல் ஃபீய் மலையில் முடிகிற தனிநபர் டைம் டிரையலுக்கு (ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போடுகிற ஓட்டம்) வரும்போதும் மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருந்த ரோக்லிச் 57 விநாடி முன்னால் இருந்தார். அன்று சாயங்காலம் கணக்குப் பார்த்தால் பொகாச்சர் 59 விநாடி முன்னால்! ரோக்லிச் ஹெல்மெட் கோணலாக, முகம் வெளுத்துப் போய் ஏறிவந்த காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் தயவுசெய்து இதை நாலுவழிச் சாலையில் செய்து பார்க்காதீர்கள். அவர்களுக்கு வண்டிகளை நிறுத்திச் சாலையைக் காலியாக்கித் தருகிறார்கள், நமக்கு அப்படியில்லை. பக்கக்காற்றில் ஓட்டும்போது லாரி கடக்கிற அந்த ஒரு கணம் காற்று சட்டென்று நின்று, லாரி போனதும் மறுபடி அறையும். அதுவரை காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த சைக்கிள் அந்த இரண்டு தடவையும் ஆடும். ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில் கை இருக்கட்டும், இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்கிற உயர விளிம்புச் சக்கரங்களை ஆடி மாதம் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ரோடு பைக் ஓட்டுகிற கல்லூரி மாணவி நான். பெண்கள் டூரும் நடக்கிறது என்று போன வருஷம்தான் தெரிந்தது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 2024-இன் கடைசி ஸ்டேஜிலிருந்து ஆரம்பியுங்கள். கதையை மட்டும் சொல்கிறேன். மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணிகிற மஞ்சள் ஜெர்சியில் நெதர்லாந்தின் டெமி வோலரிங் இருந்தார். ஐந்தாவது ஸ்டேஜ் முடிய ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போது பெரிய விபத்து, கீழே விழுந்தவர்களில் அவரும் ஒருவர். எழுந்து தனியாக மிதித்து வந்து சேர்வதற்குள் ஜெர்சி போலந்தின் காஷா நிவியாதோமாவிடம் போய்விட்டது. அணியில் யாரும் பின்தங்கி நின்று அவரை இழுத்து வரவில்லையே என்று அன்று பெரிய விவாதம். கடைசி நாள் காலை வோலரிங் 1 நிமிஷம் 15 விநாடி பின்னால். கிளாந்தோன் மலையிலேயே தாக்கிப் பிரிந்து, அல்ப் துயேஸ் உச்சியில் முதலில் வந்து, அதற்கு 10 விநாடி போனஸும் (மொத்த நேரத்தில் கழிப்பது) வாங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார். நிவியாதோமா 1 நிமிஷம் 1 விநாடி கழித்து வந்தார். கழித்துப் பாருங்கள், மிச்சம் 4 விநாடி, டூர் நிவியாதோமாவுக்கு. எட்டு ஸ்டேஜ் ஓட்டத்துக்கு அப்புறம் நாலே நாலு விநாடி! ஆண்கள் டூரின் மிகக் குறைந்த வித்தியாசம் 1989-இல் கிரெக் லெமாண்ட் ஃபினியோனை வென்ற 8 விநாடி.

இப்போதைய பெண்கள் டூர் 2022-இல்தான் தொடங்கியது. ஆனால் 1984-இலேயே ஒரு பெண்கள் டூர் நடந்து, அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் ஜெயித்தார். பிறகு அது நின்றுபோய், முப்பது வருஷத்துக்கு மேல் சரியாகக் கவனிக்க ஆளில்லாமல் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். 2025-இல் போலின் ஃபெராண்ட்-பிரெவோ ஜெயித்தபோது பிரான்ஸ் ஊர் ஊராகத் தெருவில் நின்று கொண்டாடியது. அவர் அதற்கு முந்தைய வருஷம் ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் தங்கம் வாங்கியவர்.

கேள்வி: ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவில் ஐந்தாவதிலேயே எனக்கு எல்லாம் தீர்ந்துபோகிறது. புரொஃபஷனல்கள் மட்டும் எப்படி ஒரே சீராக ஏறுகிறார்கள்?
– வாசகர், சேலம்

பதில்: முதல் வளைவை எவ்வளவு வேகமாகக் கடக்கிறீர்கள் என்று அடுத்த முறை பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது. அல்ப் துயேஸின் 21 வளைவுகளுக்கும் எண் உண்டு, அடிவாரத்தில் 21-இல் தொடங்கி இறங்குமுகமாக எண்ணிக்கொண்டு போகும். 13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீத ஏற்றம், மிகச் செங்குத்தானது ஆரம்பத்திலேயே வருகிறது. அங்கே வேகமெடுத்தவர்கள் பாதி வழியில் காணாமல் போவது டூரிலேயே நடக்கும். ஏற்காடு அவ்வளவு செங்குத்தில்லை, அதனால்தான் ஆரம்பத்தில் நம்மை ஏமாற்றுகிறது. முதல் பத்து வளைவை மூக்கால் மூச்சுவிட்டுப் பேசிக்கொண்டே போக முடிகிற வேகத்தில் போங்கள். அது எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகத் தோன்றும், பரவாயில்லை.

அடுத்தது கியர். முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால் நிமிஷத்துக்கு 70, 80 சுற்று மிதிக்கலாம். பெரிய பல்லில் நின்றுகொண்டு மிதித்தால்தான் வீரம் என்று சிலர் சொல்வார்கள், இப்போது புரொஃபஷனல்களே மலை நாளில் பின்னால் 34 பல் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்களோடு நம்மை ஒப்பிடுவதிலும் அர்த்தமில்லை, டூரில் முன்னணியில் இருப்பவர்கள் கடைசி ஏற்றத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 6 வாட்டுக்கு மேல் அரை மணி நேரத்துக்கும் அதிகமாகத் தாங்குகிறார்கள். நன்றாகப் பயிற்சி எடுத்த நம்மவர்களுக்கு 3 வாட் என்பதே நல்ல கணக்கு.

சாப்பாட்டையும் பாருங்கள். வெறும் வயிற்றில் கிளம்பி இரண்டாவது மணி நேரத்தில் கண் இருட்டுகிறது என்றால் அது கால் பலவீனம் இல்லை. மணிக்கு இரண்டு வாழைப்பழம், இடையில் கடலை மிட்டாய், பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு போதும். இறங்கும்போது ஒரே ஒரு விஷயம்: பஸ் திரும்பினால் வளைவு முழுக்க அதற்கே வேண்டும், அதனால் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து ஓரமாகவே திரும்புங்கள்.

கேள்வி: எல்லோரும் ஊக்கமருந்து போட்டுத்தானே ஓட்டுகிறார்கள், இதைப் போய் ராத்திரி உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: கேள்வி நியாயமானது. 1998-இல் ஃபெஸ்டினா அணியின் காரிலேயே மருந்து பிடிபட்டது. அமெரிக்காவின் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை வாங்கிய ஏழு பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன, அந்த வருஷங்களுக்கு இன்றும் பட்டியலில் ஜெயித்தவர் பெயர் கிடையாது. 2008-இலிருந்து ஒவ்வொருவரின் ரத்த அளவுகளையும் வருஷக்கணக்கில் பதிவு செய்து மாற்றம் தெரிந்தால் பிடிக்கிற முறை வந்திருக்கிறது. எல்லோரும் சுத்தம் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஆனால் 'எல்லோரும்' என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2024-இல் எரித்ரியாவின் பினியாம் கிர்மாய் மூன்று ஸ்டேஜும், புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சியும் ஜெயித்தார், டூரில் ஸ்டேஜ் ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் 200 கிலோமீட்டர் பிரெவே என்று சொல்லி விடியற்காலை கிளம்புகிறார். அடுத்து 300-ஆம். பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை என்கிறார். இது போட்டியா, இல்லையா?
– வாசகி, ஈரோடு

பதில்: போட்டி இல்லைம்மா. பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்கிற நெடுந்தூர ஓட்டம். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும், 300 என்றால் 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. முதலில் வந்தவரும் கடைசி நிமிஷத்தில் வந்தவரும் ஒன்றுதான். இந்தக் குடும்பத்துக்கே மூத்தது பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1,200 கிலோமீட்டர். 1891-இல் புரொஃபஷனல்களின் பந்தயமாக, அதாவது டூர் தி பிரான்ஸ் பிறப்பதற்கு 12 வருஷம் முன்பே தொடங்கியது. இப்போது நாலு வருஷத்துக்கு ஒரு முறை சாதாரண ஆட்கள் 90 மணி நேரத்துக்குள் முடிக்கிற ஓட்டமாக நடக்கிறது, அடுத்தது 2027-இல். வழியிலுள்ள கிராமத்துக்காரர்கள் ராத்திரி முழுக்க வீட்டு வாசலில் மேஜை போட்டு, போகிறவர்களுக்குக் காபியும் தண்ணீரும் கொடுப்பார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது தூக்கத்தைப் பற்றித்தான். கண் சொக்கினால் அரை மணி நேரம் எங்காவது படுத்துவிட்டுத்தான் மறுபடி சைக்கிளில் ஏற வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்புங்கள். பின்விளக்கு இரண்டு, பளபளக்கும் மேலாடை, மாற்று ட்யூப் எல்லாம் இருக்கிறதா என்று கிளம்பும் முன் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஓட்டிய ரைடை எல்லாம் ஸ்ட்ராவா ஆப்பில் போடலாமா? தம்பட்டம் என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாகப் போடுங்கள். யார் எந்தச் சாலையில் எப்போது ஓட்டுகிறார்கள், எங்கே குழி விழுந்திருக்கிறது, எந்த ஊரில் காலை ஐந்து மணிக்கே கடை திறந்திருக்கிறது என்பதெல்லாம் இப்படித்தான் பரவுகிறது. வீட்டு வாசல் மட்டும் வரைபடத்தில் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். ஊருக்குள் சிக்னல் இருக்கிற சாலையில் யார் வேகம் என்ற போட்டி கூடவே கூடாது.

கேள்வி: டூரை முழுக்கப் பார்க்க நேரமில்லை. எப்போது டிவியைப் போட்டால் போதும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஜூலையில் பிரான்ஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். பெரும்பாலான ஸ்டேஜ்கள் நம்முடைய இரவு எட்டரை, ஒன்பது மணிவாக்கில் முடியும். சமதள ஸ்டேஜ் என்றால் எட்டு மணிக்குப் போட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிடலாம். மலை ஸ்டேஜ் என்றால் ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள், கடைசி ஏற்றத்துக்கு முந்தைய ஏற்றத்திலேயே யாருடைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள் என்பது தெரிய ஆரம்பித்துவிடும்.