போஸ்ட்மேனுக்கு காசா, காராசேவா?

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்குன்னாலே எனக்கு வர்ற கடுதாசில பாதி இனாம் பத்தி தான். எல்லாத்தையும் போட இடமில்லீங்க, அஞ்சு மட்டும் எடுத்திருக்கேன்.

அக்கா, எங்க மாமனாருக்கு 78 வயசு, நடக்க முடியாது. போன நவம்பர்ல எங்க போஸ்ட்மேன் வீட்டுக்கே மிஷின் எடுத்துட்டு வந்து விரல் ரேகை வச்சு பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் எடுத்துக் குடுத்தார். 70 ரூபா வாங்கினார், மேல நீட்டினா வேணாங்கம்மான்னுட்டார். இந்தத் தீபாவளிக்கு கவர்ல 500 ரூபா வச்சுக் குடுக்கலாமா? அமெரிக்காவுல இருக்கற என் பையன், போஸ்ட்மேனுக்கு பணமே குடுக்கக் கூடாதும்மாங்கறான். (வாசகி, பாலக்கோடு)

பையன் அவங்க ஊரு சட்டத்த சரியா தான் சொல்றான். அங்க கிறிஸ்துமஸ் வந்தா இதே கேள்வி தான். தபால் ஊழியருக்கு ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்குள்ள பொருளா குடுக்கலாம், ஒரே ஆள் கிட்ட இருந்து வருஷத்துக்கு 50 டாலர தாண்டக் கூடாது, ரொக்கம் ஒத்த டாலர் கூட கூடாது.

நம்ம போஸ்ட்மேனும் மத்திய அரசு ஊழியர் தானே, 1964ஆம் வருஷ நடத்தை விதில பரிசு வாங்கறதுக்கு கட்டுப்பாடு இருக்கு. ஆனா அதே விதில, சாதாரணமா ஒரு சாப்பாடு போடறது, உபசரிக்கறது எல்லாம் பரிசுக் கணக்குல வராதுன்னும் இருக்கு. நம்ம ஊருக்கு இது போதாதா? அவர உள்ள கூப்ட்டு, ஃபேன் போட்டு உக்கார வச்சு, காபியோட அதிரசமும் காராசேவும் வைங்க. வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் குடுங்க. போன தடவ 'வேணாங்கம்மா'ன்னு சொன்ன மனுஷன் கையில கவர திணிச்சா அவருக்கு தான் சங்கடம்.

இன்னொன்னு செய்ங்க, இத யாரும் செய்யறதில்ல. தருமபுரி தபால் கோட்டக் கண்காணிப்பாளருக்கு, உங்க ஊர் போஸ்ட்மேன் செஞ்ச உதவிய நாலு வரில ஒரு கார்டுல எழுதிப் போடுங்க. திட்டி எழுதறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க.

கேஸ் சிலிண்டர் போடறவர் ஒவ்வொரு தடவையும் பில்லுக்கு மேல 50 ரூபா வாங்கறார், இப்ப தீபாவளிக்குன்னு 300 கேக்கறார். குடுக்கலன்னா அடுத்த சிலிண்டர் லேட் ஆயிடுமோன்னு பயம். (கிருஷ்ணகிரி)

வீடு வரைக்கும் கொண்டு வந்து குடுக்கற கூலி பில்லுலயே சேர்ந்திருக்கு, மேல தரணும்னு கட்டாயம் இல்ல. பயந்து குடுத்தா அது இனாம் இல்லீங்க, மாமூல். அதே சமயம் நீங்க இருக்கறது மூணாவது மாடியா இருந்து லிஃப்ட் இல்லன்னா, 14.2 கிலோ கேஸும் இரும்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 30 கிலோவ அவர் தோள்ல தூக்கிட்டு ஏறறார்ங்கறதையும் யோசிங்க. மாசா மாச 50அ நிறுத்துங்க, தீபாவளிக்கு மனசுக்குத் தோணினத நீங்களா குடுங்க, 300ன்னு அவர் சொல்ற தொகை இல்ல. லேட் பண்ணினா ஏஜென்சில எழுத்துல புகார் குடுங்க.

எங்க வீட்டுக்காரர் டைல்ஸ் போடறவர். ஒரு வீட்ல வேலை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, 6,000 ரூபா பாக்கி. போய்க் கேட்டதுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் 200 ரூபாயும் குடுத்து 'தீபாவளிய சந்தோஷமா கொண்டாடுங்க, பாக்கிய பொங்கலுக்கு பாத்துக்கலாம்'னு அனுப்பிட்டாங்க. இவர் சிரிச்சுட்டே வாங்கிட்டு வந்துட்டார், எனக்கு தான் பத்திக்கிட்டு எரியுது. (காவேரிப்பட்டணம்)

எனக்கும் தாம்மா எரியுது. உங்க காச உங்களுக்கே 200 ரூபாயா திருப்பிக் குடுத்துட்டு அதுக்கு இனாம்னு பேர் வேற.

எங்க பாட்டி காரிமங்கலம் பக்கம். கேவுரு அறுத்து களத்துல அடிச்சு முடிச்சதும், வீட்டுக்கு ஒரு மூட்டை கூட போறதுக்கு முன்னாடி தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர்னு அவங்கவங்களுக்கு வள்ளத்துல அளந்து போட்டுடுவாங்களாம், மேரைன்னு சொல்லுவாங்க. அதுல சாதி இருந்துச்சு, கைகட்டி தூரமா நிக்க வச்சதும் இருந்துச்சு, அத நான் பெருமையா சொல்லல. ஆனா மேரைங்கறது உழைச்ச கூலி, அத யாரும் இனாம்னு சொல்லல. இப்ப கைகட்டி நிக்கறது போச்சுன்னு சொல்லிக்கறோம், கூலிக்கு மட்டும் வாசல்ல நிக்க வைக்கறோம்.

லண்டன்ல சாமுவேல் பீப்ஸ்னு ஒரு அரசாங்க அதிகாரி 1663 டிசம்பர்ல டைரி எழுதறார், செருப்பு தைக்கறவர் கடைக்குப் போய் பாக்கி எல்லாத்தையும் கட்டிட்டு, அங்க வேலை செய்யற பசங்களோட கிறிஸ்துமஸ் உண்டியல்லயும் கொஞ்சம் போட்டேன்னு. பாத்தீங்களா, மொதல்ல பாக்கி, அப்புறம் தான் உண்டியல்.

ஓசூர் சிப்காட்ல கம்பெனி வேலைல இருக்கறவருக்கு சம்பளத்துல குறைஞ்சது 8.33 சதவீதம் போனஸ்னு சட்டத்துலயே இருக்கு. டைல்ஸ் போடறவருக்கும் பிளம்பருக்கும் பெயிண்டருக்கும் யாரு போனஸ் குடுக்கறது? செஞ்ச வேலைக்கு காசு தீபாவளிக்குள்ள கைக்கு வர்றது தான் அவங்களுக்கு போனஸ். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, எத்தன சதுர அடி, ரேட் என்ன, வாங்கினது எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதி போட்டோ எடுத்து அந்த வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பட்டும், அந்த 200அயும் வரவுல கழிச்சே எழுதட்டும். அப்புறம் ஞாயித்துக்கிழமை காலைல, அவங்க வீட்ல சொந்தக்காரங்க இருக்கற நேரமா பாத்து நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. சண்டை வேணாம், அந்தத் தாள காட்டினா போதும்.

கரன்ட் ஆபீஸ்ல இருந்து வரோம்னு மூணு பேர் நோட்டு எடுத்துட்டு வந்து, பக்கத்து வீட்ல 500 எழுதிருக்காங்க பாருங்கன்னு காட்டறாங்க. எங்க புது சர்வீஸ் அப்ளிகேஷன் வேற பெண்டிங். (அரூர்)

அப்ளிகேஷன் பெண்டிங்ல இருக்கறப்ப அஞ்சு பைசா குடுக்காதீங்க. 2018ல சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம் லஞ்சம் குடுக்கறவர் மேலயும் கேஸ் வரும், கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னா 7 நாளுக்குள்ள புகார் குடுத்தா தான் தப்பிக்கலாம். அந்த மூணு பேர் நிஜமா ஆபீஸ் ஆளுங்களாங்கறதே சந்தேகம். ஐடி கார்டு கேளுங்க, பாதிப் பேர் அதுலயே கெளம்பிடுவாங்க. மழைல கம்பத்துல ஏறி ஃபியூஸ் போடற ஆளு யாருன்னு உங்களுக்கே தெரியும்ல, அவருக்கு ஒரு டீ குடுங்க.

தெரு கூட்டற அம்மாவுக்கு பழைய புடவை நாலு எடுத்து வச்சிருக்கேன், போதுமா? (தருமபுரி)

போதாது. பழச பழசுன்னு சொல்லி, வேணுமான்னு கேட்டு வேற நாள்ல குடுங்க, பண்டிகைக்கு புதுசு ஒன்னு எடுங்க, இல்லன்னா காசா குடுங்க. முந்தின நாள் மிஞ்சின வடைய தட்டிவிடற வேலையும் வேணாம். தீபாவளிக்கு மறுநாள் காலைல உங்க தெருவுல கணுக்கால் வரைக்கும் கெடக்கற வெடிப் பேப்பர அந்த அம்மா தான் வாரணும், அதனால நீங்க வெடிச்சத நீங்களே கூட்டி ஒரு சாக்குல கட்டி வச்சிட்டு, அவங்க வர்றப்ப வெளிய வந்து காச கையில குடுங்க. கேட்டுல சொருகி வைக்காதீங்க.