பதினாறு சுற்று சுற்றிப் பாருங்கள்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. அப்பா வாங்கிய மகிந்திரா சி.ஜே.3பி ஜீப்தான் இன்றைக்கும் மூட்டை சுமக்கிறது. போன மழையில் முன் டிஃபரன்ஷியலில் (இன்ஜின் சக்தியை இரண்டு முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு) பல் உடைந்துவிட்டது. பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் கிரவுன் (பெரிய வளையப் பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றவைக்கும் சிறிய பல்சக்கரம்) இரண்டோடும் முழு செட்டாக வாங்கி வந்தோம். ஊர் மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். சாதாரண ஓட்டத்தில் குறையே இல்லை. ஃபோர் வீல் போட்டால் சேற்றில் ஏறுகிறது. ஆனால் கெட்டித் தரைக்கு வந்ததும் நாலு அடிக்குள் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல் இருக்கிறது. டயர் தேய்கிறது, லீவர் வெளியே வர மறுக்கிறது. முன்பு இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸை (சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: இறக்க வேண்டாம். அந்தச் செலவைச் செய்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்பானரே தேவையில்லை; ஒரு ஜாக்கி, ஒரு சாக்கட்டி, கூட ஓர் ஆள் போதும்.

ஜீப்பைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். டிரான்ஸ்ஃபர் லீவரை டூ வீலுக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் சுழல் தண்டு) தன் பாட்டுக்குச் சுற்றும். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். மற்றது தரையிலேயே இருக்கட்டும். டயரில் ஒரு கோடு, புரொப்பெல்லரில் ஒரு கோடு போடுங்கள். நீங்கள் டயரைக் கையால் சரியாகப் பதினாறு சுற்று சுற்ற வேண்டும். கூட இருப்பவர் புரொப்பெல்லர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும்.

ஏன் பதினாறு? ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றச் சக்கரம் இரண்டு சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். பதினாறுக்குக் கிரவுன் எட்டுச் சுற்று. இந்த ஜீப்புகளின் பினியனில் எட்டுப் பல். ஆகவே புரொப்பெல்லர் எத்தனை சுற்று வருகிறதோ அதுவே கிரவுனில் உள்ள பல்லின் எண்ணிக்கை. டிஃபரன்ஷியலைத் திறக்காமலே பல்லை எண்ணிவிடுகிறோம்.

உங்கள் சி.ஜே.3பிக்கு 43 வர வேண்டும். 43க்கு 8, அதாவது 5.38 விகிதம். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ராணுவ ஜீப்பில் 39க்கு 8, அது 4.88. இரண்டும் பார்வைக்கு உடன்பிறப்புகள் மாதிரி இருக்கும். பழைய சாமான் குவியலில் ஒன்றாகக் கிடந்தால் விற்பவருக்கே வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு 39 வரும் என்றுதான் நினைக்கிறேன்.

இதே சோதனையைப் பின்பக்கமும் செய்யுங்கள். அப்போது டிரான்ஸ்ஃபரை நியூட்ரலில் வையுங்கள். கைப்பிரேக் புரொப்பெல்லரைப் பிடிக்கும் வகை என்பதால் அதையும் விட்டுவிட வேண்டியிருக்கும். ஆகவே மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கனமான கல் வைத்த பிறகே கைவையுங்கள். ஜீப்புக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. புரொப்பெல்லரை வெளியிலிருந்து குனிந்து பார்த்தாலே எண்ணலாம்.

முன்னால் 39, பின்னால் 43 என்றால் நூற்றுக்குப் பத்து வித்தியாசம். ஃபோர் வீலில் இரண்டு புரொப்பெல்லரும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். பின் சக்கரம் பத்தடி உருளும் நேரத்தில் முன் சக்கரம் பதினோரு அடி உருளப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த ஓரடியை விழுங்கிவிடும். தாரில் வழுக்க இடமில்லை. இறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் முறுக்காக ஏறுகிறது. லீவர் சிக்குவது அதனால்தான். இப்படியே ஓட்டினால் அடுத்து உடைவது டிரான்ஸ்ஃபர் கேஸாகவே இருக்கும். மாற்றும் வரை ஃபோர் வீல் போடாதீர்கள். எண்ணிக்கை இரண்டு பக்கமும் 43 என்றே வந்தால் டயர்களைப் பாருங்கள். முன்னும் பின்னும் அளவு மாறியிருந்தாலும் இதே தொல்லை வரும்.

இனி, சரியான 43க்கு 8 ஜோடி கிடைத்த பிறகு செய்ய வேண்டியது. ஜோடி என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று அரைத்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். கிரவுன் ஓரிடத்தில், பினியன் ஓரிடத்தில் என்று வாங்கவே வாங்காதீர்கள். ஹவுசிங்கின் (டிஃபரன்ஷியலின் வெளிக்கூடு) உள்ளே, அச்சுக் குழாய்க்குள்ளும், டீசல் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். உடைந்த பல்லின் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் புது பேரிங் போய்விடும். பேரிங் கேப் (பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் மூடி) இரண்டையும் கழற்றுமுன் இடம், வலம் என்று குறி வையுங்கள். அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை, இடம் மாறினால் பேரிங் நேராக உட்காராது.

பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை ஷிம் என்ற மெல்லிய தகடு தீர்மானிக்கிறது. இங்கேதான் அவசரப்படுகிறார்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் நான் தொழில் பழகியபோது, என் ஆசான் பல்லில் நீலப் பசை தடவச் சொல்வார். நாலைந்து பல்லுக்கு மெல்லிய பூச்சு. ஒரு கட்டையால் கிரவுனைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு பினியனை முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். பசை அழிந்து, தேய்த்த வெள்ளிக்காசு போல ஓர் இடம் பளிச்சென்று தெரியும். அது பல்லின் நடுவில் இருக்க வேண்டும். வேருக்கு இறங்கினால் பினியன் அதிகம் உள்ளே வந்துவிட்டது, ஷிம்மைக் குறைக்க வேண்டும். நுனிக்கு ஏறினால் ஷிம் சேர்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பன்னிரண்டு தடவை கழற்றி மாட்டினோம். பன்னிரண்டாவது தடவைதான் அவர் தலையசைத்தார்.

முன் அச்சுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. பின் அச்சில் வண்டி முன்னே போகும்போது கிரவுன் பல்லின் புடைத்த முகம் சுமக்கும். அதே அமைப்பை முன்னால் திருப்பி வைத்திருப்பதால் இங்கே குழிந்த முகம்தான் சுமக்கிறது. ஆகவே நீலத் தடத்தைக் குழிந்த முகத்திலும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். பல்லுக்குப் பல் விடும் இடைவெளியை டயல் கேஜ் (முள் காட்டும் நுண்ணளவுக் கருவி) வைத்து அளக்க வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவே கணக்கு. இந்த வகை அச்சுகளுக்குப் பொதுவாக 0.13 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை. ஒரே இடத்தில் அளந்தால் போதாது, கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து "சரிதான்" என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முன் டிஃபரன்ஷியலுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயிலை ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். டிஃபரன்ஷியலின் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. அதற்குக் கடும் அழுத்தம் தாங்கும் ஜி.எல்.5 தரமுள்ள இ.பி.90 கியர் ஆயில் வேண்டும். கியர் பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருந்தால் ஜி.எல்.4 பாதுகாப்பு. ஆயில் மாற்றும் அன்றைக்கே ஹவுசிங்கின் மேலிருக்கும் காற்றுத் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். அது மண்ணால் அடைபட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நேற்று மாட்டிய ஆயில் சீலும் கசியும்.