உறை போட்ட பல் ஏன் கூசுகிறது?

கேள்வி: கடைவாய்ப் பல்லுக்குக் கிரவுன் (பல்லை மூடும் உறை) போட்டுப் பத்து நாள்கள் ஆகின்றன. சில்லென்ற செண்டோல் ஒரு கரண்டி வாயில் வைத்தாலே சுரீரென்று கூசுகிறது. உறை சரியில்லையோ என்று அஞ்சுகிறேன்.
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: உங்கள் பல்லுக்கு வேர் சிகிச்சை (பல்லின் உள்ளிருக்கும் நரம்பை அகற்றும் சிகிச்சை) செய்யப்படவில்லை என்றால், உள்ளே நரம்பு உயிரோடுதான் இருக்கிறது; உறை பொருந்துவதற்காகப் பல்லைச் சுற்றிலும் தேய்க்கும்போது அந்த நரம்பு சீண்டப்படுவதால், குளிர்ச்சி பட்டதும் நொடிப்பொழுது கூசுவது இயல்பு. பெரும்பாலும் சில வாரங்களில் அது தணிந்துவிடும். அதுவரை பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையால் நாள்தோறும் 2 முறை மென்மையாகத் துலக்குங்கள். அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். கிராம்புத் தைலத்தை அப்படியே தடவாதீர்கள், ஈறு புண்ணாகும்.

கடிக்கும்போது மட்டும் வலித்தால் உறை சற்று உயரமாக இருக்கக்கூடும்; பல் மருத்துவர் மெல்லிய வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, உறையில் அதன் வண்ணம் பதியும் இடத்தைச் சில நிமிடங்களில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார். இதைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. ஆனால், சூடான தே தாரிக் குடித்தபின் வலி நெடுநேரம் நீடித்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, ஈறு வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்; வேர் சிகிச்சை தேவைப்படலாம்.