முகாமில் பிள்ளைகளோடு தங்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது, திருச்சபைகள் நடத்தும் இளையோர் முகாம்களில் தொண்டர்களாகப் பணியாற்றச் சம்மதித்தவர்களிடமிருந்தும், பிள்ளைகளை அங்கே அனுப்பப் போகும் பெற்றோரிடமிருந்தும் கடிதங்கள் வருகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் முகாம்களில் பிள்ளைகளோடு தங்கி வந்தவன் என்ற முறையில், அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். பண்டாரவளையில் நடக்கவிருக்கும் நான்கு நாள் வதிவிட முகாமில் ஆலோசகராக இருக்கும்படி எங்கள் போதகர் ஐயா கேட்டிருக்கிறார். நான் உளவளத்துணை படித்தவள் அல்ல. வேத அறிவும் குறைவு. பிள்ளைகள் ஏதாவது கேட்டால் என்ன சொல்வேன் என்று பயமாக இருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகி, கொட்டகலை

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள், சகோதரி. உங்கள் பயத்துக்குப் பாதிக் காரணம் அந்த ‘ஆலோசகர்’ என்ற சொல்தான். முகாமில் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருப்பவருக்கும் உளவளத்துணையாளருக்கும் ஆங்கிலத்தில் ‘கவுன்சிலர்’ என்ற ஒரே சொல் வழங்குவதால், அழைப்புக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் இருவரையும் ‘ஆலோசகர்’ என்றே குறித்துவிடுகிறார்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர் அதற்கென்று படித்தவர். அவருடைய வேலையை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் படுக்கும் மண்டபத்திலேயே இன்னொரு பொறுப்பாளரோடு நீங்களும் படுத்து, அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, விளையாட்டிலும் பாட்டிலும் கலந்துகொண்டு, நான்கு நாளும் அவர்களைக் கண்பார்வையில் வைத்திருப்பதுதான் உங்களிடம் கேட்கப்படும் பணி. பிள்ளைகள் இதற்குச் சரியான பெயரை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: முதல் நாள் மாலைக்குள் நீங்கள் அவர்களுக்கு ‘அக்கா’ ஆகிவிடுவீர்கள்.

இந்தப் பணி தொடங்கிய விதமும் ஏறக்குறைய அப்படித்தான். 1885இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், வை.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த சம்னர் டட்லி என்பவர் ஏழு பையன்களை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று கூடாரமிட்டுத் தங்கினார். இன்றைய கிறிஸ்தவ இளையோர் முகாம்களின் பழைய முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. ஏழு பேர் என்ற அந்த எண்ணிக்கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஆள் பற்றாக்குறை என்று சொல்லி உங்களிடம் இருபது பிள்ளைகளை ஒப்படைக்க வந்தால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். எட்டைத் தாண்டினால் பெயர்கள் மட்டுமே மனதில் நிற்கும். யார் இரவு சாப்பிடவில்லை, யார் பின்னேரத்திலிருந்து பேசவில்லை என்பது கண்ணில் படாது.

வேத அறிவு குறைவென்று எழுதியிருக்கிறீர்கள். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். சாக வேண்டும் என்று சொல்லிச் சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியிடம் வந்த தூதன் அவனுக்குப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவன் தின்று குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டபோது அதற்கும் இடங்கொடுத்து, இரண்டாம் முறையும் வந்து சாப்பாடு கொடுத்தான். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், நுவரெலியாவுக்குப் பக்கத்தில் நடந்த டிசம்பர் முகாமொன்றில், விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பற்கள் கிட்டிக்க, சீமெந்துத் தொட்டியில் தன் படுக்கை விரிப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். இரவில் படுக்கையை நனைத்துவிட்டான். மற்றவர்கள் எழும்புவதற்குள் காயவைத்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறான். அந்தக் குளிரில் இரண்டு நாள் போட்டாலும் அது காயாது. நான் எதுவும் கேட்கவில்லை. என் சுவெட்டரை அவனுக்கு மாட்டிவிட்டு, விரிப்பின் மறுமுனையைப் பிடித்து அவனோடு சேர்ந்து முறுக்கிப் பிழிந்தேன். சமையலறையில் அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்த அம்மா, ஒன்றும் விசாரிக்காமல் விரிப்பை அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடியில் போட்டுவிட்டு, அவன் கையில் சூடான பிளேன்டீயைக் கொடுத்தார். என் பையில் இருந்த மேலதிக விரிப்பு அவன் படுக்கைக்குப் போயிற்று. அன்று காலை வேத ஆராய்ச்சியில் நான் என்ன பேசினேன் என்பது எனக்கே நினைவில்லை. அந்த நான்கு மணியை அவன் வளர்ந்த பிறகும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நீங்களும் இரண்டு மேலதிக விரிப்புகளைக் கொண்டு போங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருக்கப் போவதால் சானிட்டரி நப்கின்களும் உங்கள் பையில் போதிய அளவு இருக்கட்டும். முதன்முறையாக அங்கேதான் பெரியபிள்ளையாகும் சிறுமி, தன் தாய்க்கு அடுத்ததாக உங்களைத்தான் தேடுவாள்.

கேள்வி: சென்ற முகாமில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், “அண்ணா, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கள், ஒன்று சொல்கிறேன்” என்று கேட்டான். நானும் சத்தியம் செய்தேன். வீட்டில் தனக்கு விழும் அடியைப் பற்றித்தான் சொன்னான். முதுகில் தழும்புகளையும் காட்டினான். கொடுத்த வாக்கைக் காப்பதா, யாரிடமாவது சொல்வதா என்று தெரியாமல் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.
– வாசகர், ஹட்டன்

பதில்: இன்றே சொல்லுங்கள், தம்பி. அந்தச் சத்தியம் கொடுக்கக்கூடாத சத்தியம். அதை மீறுவதைவிட, அந்தத் தழும்புகளின் மேல் இன்னொன்று விழும்வரை காத்திருப்பதே பெரிய தவறாகும்.

இதை உங்களைக் கடிந்துகொள்வதற்காக எழுதவில்லை. நானும் இதே தவறைச் செய்தவன். என்னுடைய இருபத்துமூன்றாவது வயதில் ஒரு பையனுக்கு இதே வாக்கைக் கொடுத்து, அவனோடு ஜெபித்தேன். அவன் அழுகை நின்றதும் பாரத்தை இறக்கி வைத்துவிட்டான் என்று எண்ணி மகிழ்ந்தேன். ஆனால் முகாம் முடிந்து அவன் பஸ்ஸிலிருந்து இறங்கியது அதே லயத்து வீட்டில், அவனை அடித்த அதே மனிதரின் கையில்தான். அடுத்த தவணை அவன் பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பில் ஏதோ ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவனைப் பற்றிய செய்தியே இல்லை. என் ஜெபம் உண்மையானது. ஆனால் அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

முதலில் முகாமின் பொறுப்பாளரிடம் நேரில் சொல்லுங்கள். அவர் உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் 1929 என்ற இலக்கத்தை நீங்களே அழையுங்கள். அது 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவசத் தொலைபேசிச் சேவை. தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவிலும் முறையிடலாம். நீங்களே தனியாக அந்த வீட்டுக்குப் போய் அடித்தவரிடம் நியாயம் கேட்காதீர்கள். அந்தக் கோபமெல்லாம் அன்றிரவு பையன் மேல்தான் இறங்கும். பையனைச் சந்திக்க முடிந்தால், “சத்தியம் கொடுத்தது என் பிழை, உன்னைப் பாதுகாப்பதற்காக இன்னாரிடம் சொல்கிறேன்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவன் கோபப்படலாம், படட்டும்.

இனிமேல் ஒரு பிள்ளை சத்தியம் கேட்டால் இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: “நீ சொல்வதை நான் ஊருக்குச் சொல்லித் திரியமாட்டேன். ஆனால் உனக்கோ வேறொரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால், உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்வேன். சொல்வதற்கு முன் உனக்குத் தெரிவிப்பேன்.” சில பிள்ளைகள் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் இருங்கள், பெரும்பாலும் மறுநாள் அவர்களே வருவார்கள். பேசும்போது மூடிய அறைக்குள் போகாமல், மற்றவர்கள் பார்க்கக்கூடிய விறாந்தையிலோ மரத்தடியிலோ உட்காருங்கள். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். அன்றிரவே, திகதியிட்டு, பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி வையுங்கள். அடிபட்டு வந்த பிள்ளையிடம், தகப்பனைக் கனம்பண்ண வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் போதிப்பதை நான் கண்டிருக்கிறேன். அதைக் காட்டிலும் பிள்ளையைத் தனிமைப்படுத்தும் செயல் வேறில்லை.

குற்றம் சுமத்தப்படுபவர் முகாமைச் சேர்ந்தவராகவோ சபையில் மதிப்புள்ளவராகவோ இருந்தால், “சபையின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசித் தீர்ப்போம்” என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அப்படிப்பட்ட நிலையில் முதல் அழைப்பே 1929ஆக இருக்கட்டும். பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால், ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல், 1926 என்ற தேசிய மனநல உதவிச் சேவையை அழைத்து, அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் இந்துக் குடும்பம். மகளின் சிநேகிதிகள் போகிறார்கள் என்பதால் அவளும் சேர்ச் முகாமுக்குப் போக ஆசைப்படுகிறாள். அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று அவளுடைய அப்பம்மா பயப்படுகிறார்.
– தந்தை ஒருவர், மஸ்கெலியா

பதில்: ஐயா, உங்கள் தாயாரின் பயத்தை நான் மதிக்கிறேன். 1854இல் தோட்டங்களுக்குள் வந்த அங்கிலிக்கன் ஊழியத்துக்குத் ‘தமிழ் கூலி மிஷன்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். நம் முன்னோரை அன்று எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. அந்தப் பார்வையின் மிச்சம் இன்றைய பணியில் எங்கேயும் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அனுப்புவதற்கு முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். முகாம் கிறிஸ்தவ முகாம் என்பதால் ஜெபமும் பாட்டும் வேதப்பாடமும் இருக்கும். அதை மறைத்து ‘விளையாட்டு முகாம்’ என்று சொன்னால் அனுப்பவே வேண்டாம். விரும்பாத பிள்ளை ஜெபத்தின்போது சும்மா உட்கார்ந்திருக்கலாமா, பெற்றோர் எந்த நேரத்திலும் தொலைபேசியில் பேசலாமா, வந்து அழைத்துப் போகலாமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வர வேண்டும். தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கும் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லாருக்கும் தந்த உரிமை. உங்கள் மகளுக்கும் அது உண்டு.

என் சக ஊழியர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடைசி இரவில் தீ மூட்டி, மூன்று நாள் தூக்கமில்லாத பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, மெல்லிய பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடி, கண்ணை மூடிக் கையை உயர்த்தச் சொல்லும் வழக்கத்தை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. களைப்பில் வரும் கண்ணீரை மனந்திரும்புதல் என்று எண்ணிக் கணக்கெடுப்பது பிள்ளைக்கும் அநியாயம், சுவிசேஷத்துக்கும் அநியாயம். தன் பெற்றோர் அறியாத தீர்மானத்தை எந்தப் பிள்ளையிடமிருந்தும் கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: ஓகஸ்ட் முகாமுக்கு எதையெதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: இடத்தைப் பொறுத்தது. ஓகஸ்டில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் வெயிலும் காற்றும். டிசம்பரில் ஊவாப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அந்தப் பிரதேசத்துக்கு விடுக்கப்பட்டிருந்தால் முகாமைத் தள்ளிப்போடுங்கள். ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் குளிக்க விடாதீர்கள்; மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. இழுப்பு உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் யாரிடம் இருக்கிறது என்பதை முதல் மாலையே எழுதி வையுங்கள். அவசர அம்பியூலன்ஸ் இலக்கம் 1990. காலில் ஏறும் அட்டைகளுக்கு உப்பும் சவர்க்காரமும் போதும்.

கேள்வி: முகாம் முடிந்த பிறகு பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்கள். பதில் எழுதாவிட்டால் மனம் நோவார்கள்.
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: நோகாமல் இருக்க வழியுண்டு. தனிச் செய்திகளை நிறுத்திவிட்டு, இன்னொரு பொறுப்பாளரும் இருக்கும் குழுவில் மட்டும் பேசுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு பதில் வராது என்பதை முகாமின் கடைசி நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போதும் சொல்லலாம். பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் எங்கும் போடாதீர்கள். மாதம் ஒருமுறை, உங்கள் குழுவில் இருந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு ஞாயிறு பின்னேரம் ஆராதனை முடிந்ததும் நேரில் போங்கள். போகுமுன் தாய்க்கோ தகப்பனுக்கோ தெரிவித்துவிட்டு, அவர்களும் வீட்டில் இருக்கும் நேரத்தில் போங்கள். எட்டுப் பிள்ளைகள் என்றால் எட்டு மாதத்தில் சுற்றி முடித்துவிடலாம், அடுத்த முகாமும் வந்துவிடும்.