பைனாகுலருக்கு மார்பு வார் தேவையா?

வால்பாறை, மலக்கப்பாறை பக்கம் இருவாச்சிப் பறவை பார்க்கப் போகிறேன், பைனாகுலருக்கு மார்பு வார் (தோள்களில் மாட்டி பைனாகுலரை மார்பில் தாங்கும் பட்டை) தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வாங்குங்கள். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன் லென்ஸ் உள்ள பைனாகுலர் பெரும்பாலும் 600 முதல் 800 கிராம் வரும்; அதைக் காலை முழுக்கக் கழுத்தில் தொங்கவிட்டால், காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிடக் குனியும்போதெல்லாம் முன்னே ஆடிப் பாறையில் இடிக்கும், மதியத்துக்குள் பிடரி வலியும் வந்துவிடும். மார்பு வார் அந்த எடையை இரண்டு தோளுக்கும் பகிர்ந்துவிடுகிறது.

மார்பு வாரில், வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் விரும்பும், பைனாகுலரை மூடிய பைக்குள் வைக்கும் வகை மழைக்கும் தூசிக்கும் நல்லதுதான், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நெஞ்செல்லாம் வேர்க்கும். எலாஸ்டிக் பட்டை வகையே என் தேர்வு. முதுகில் பட்டைகள் சேரும் இடம் தோள்பட்டைகளுக்கு நடுவில் நிற்கட்டும். அப்புறம், மழைக்கோட்டின் மேல் மாட்டிப் பார்த்து அளவு வையுங்கள். கண்ணுக்குத் தூக்கும்போது பட்டை இழுத்துப் பிடிக்கக் கூடாது.