செவ்வாய்ப்பேட்டை அலுவலகத்துக்கு எந்த டிஎன்எஸ் தடுப்பு சரிப்படும்?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். அலுவலகத்தில் 12 கம்ப்யூட்டர்கள். ஊழியர்களின் செல்போன்களும் அதே வைஃபையில்தான். போன மாதம் கணக்குப் பார்க்கும் தம்பி, கூரியர் பெயரில் வந்த போலி லிங்கைத் தட்டிவிட்டார். நல்லவேளை, பணம் போகவில்லை. இப்படிப்பட்ட தளங்களைத் தடுக்க பை-ஹோல், அட்கார்ட் ஹோம், பிஎஃப்சென்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது?

பதில்: உங்களுக்கு அட்கார்ட் ஹோம் போதும். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை. டிஎன்எஸ் தடுப்பு, தடைப் பட்டியலில் உள்ள பெயர்களுக்கு அந்த முகவரியைத் தராது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி ஓட்டலாம். கணக்குப் பிரிவுக்கு ஒரு விதி, செல்போன்களுக்கு வேறு விதி என்று வைப்பது சுலபம். வெளியே போகும் டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கம் செய்யும் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றும்) வசதியும் உள்ளேயே இருக்கிறது. பை-ஹோலும் அருமையான கருவிதான், ஆனால் மறையாக்கத்துக்கு இன்னொரு மென்பொருளைச் சேர்க்க வேண்டும். பிஎஃப்சென்ஸ் முழு ஃபயர்வால், அதாவது அலுவலகத்துக்குள் வந்துபோகும் எல்லா இணையப் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தும் காவல். அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். டிஎன்எஸ் தடுப்புக்குத் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும், பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. நேற்று பதிவு செய்த மோசடித் தளத்தின் பெயர் பட்டியலில் ஏறியிருந்தால் தடுக்கும். அதே மோசடிக்காரர் கூகுள் படிவத்தில் வலை விரித்தால் தடுக்காது, கூகுளையே அடைக்க முடியாதே. உள்ளே வரை பார்க்க, இடையில் நின்று பக்கங்களை வாங்கித் தரும் ஸ்க்விட் போன்ற ப்ராக்ஸி உண்டு. ஆனால் அதற்கு எல்லாக் கம்ப்யூட்டரிலும் சான்றிதழ் ஏற்றி, மறையாக்கத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். பேங்க் வேலை நடக்கும் இடத்தில் அதை நான் சொல்லமாட்டேன்.

கருவியை விட முக்கியம், அதைச் சுற்றிப் போகும் வழிகளை அடைப்பது. நான் பார்த்த பல அலுவலகங்களில் ரூட்டரில் முதல் டிஎன்எஸ் ஆகத் தடுப்புக் கருவி, இரண்டாவதாகக் கூகுளின் பொது டிஎன்எஸ் ஆன 8.8.8.8 என்று இருக்கும். இரண்டாவது என்பது அவசரத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் எதை வேண்டுமானாலும் கேட்கும், பாதித் தடுப்பு அங்கேயே ஒழுகிவிடும். ரூட்டரில் 53 (சாதாரண டிஎன்எஸ்), 853 (மறையாக்கிய டிஎன்எஸ்) ஆகிய போர்ட்களில், அதாவது எண்ணிட்ட வாசல்களில், வெளியே போவதை அடையுங்கள், தடுப்புக் கருவிக்கு மட்டும் விலக்கு. ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ் பெரும்பாலும் 853 வழியாகப் போகும். பிரவுசர்களின் மறையாக்க டிஎன்எஸ் 443-இல் மற்ற போக்குவரத்தோடு கலந்து போவதால், அந்தச் சேவைகளின் பெயர்களையும் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் இதற்கெல்லாம் இடமில்லை என்றால், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள் ஓடும் ரூட்டர் ஒன்றைப் பின்னால் வையுங்கள்.

அப்புறம் சோதனை. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கருப்புத் திரையைத் திறந்து, nslookup doubleclick.net என்று கேளுங்கள்; அது ஒரு விளம்பரத் தளம். 0.0.0.0 வந்தால் தடுப்பு வேலை செய்கிறது. அதே கேள்வியை, கடைசியில் 8.8.8.8 சேர்த்து மறுபடி கேளுங்கள். பதிலே வராமல் நேரம் முடிந்தால் நல்லது. உண்மையான முகவரி வந்தால் எங்கோ ஓட்டை.

எடுத்த எடுப்பில் தடுக்க வேண்டாம். இரண்டு வாரம் அட்கார்ட் ஹோமில் தடுப்பை மட்டும் அணைத்துவிட்டு, யார் எந்தத் தளத்தைக் கேட்டார்கள் என்ற பதிவேட்டைப் பாருங்கள். டேலி, ஜிஎஸ்டி தளம், உங்கள் பேங்க் எந்தெந்தப் பெயர்களைக் கேட்கின்றன என்று குறித்து, அவற்றை அனுமதிப் பட்டியலில் ஏற்றுங்கள். ஜிஎஸ்டி மாதக் கணக்கு தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டித் தடுப்பை இயக்காதீர்கள். அன்று ஒரு பக்கம் திறக்காமல் போனால் ஊழியர்களே பிடுங்கிப் போடச் சொல்வார்கள். தடைப் பட்டியல்களிலும் பேராசை வேண்டாம். ஒரு பொதுப் பட்டியல், மோசடித் தளங்களுக்கு ஒன்று, போதும்.

கரண்ட் போனாலும் ஓடும்படி, தடுப்புக் கருவியை ரூட்டர் இருக்கும் யூபிஎஸ்ஸிலேயே செருகுங்கள். அது நின்றால் மொத்த அலுவலகத்துக்கும் இணையம் நிற்கும். மாற்று வேண்டுமென்றால் இன்னொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது அட்கார்ட் ஹோம் போட்டு, அதன் முகவரியை ரூட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் இடத்தில் கொடுங்கள்.